டேங்க் போட்ட பிரிண்டரில் போட்டோ பிசகினால்: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கடையில் ஓடும் மூன்று பிரிண்டரில் இரண்டு, மைப் பெட்டியான காட்ரிஜை மாற்றியமைத்து, கம்பனியுடையதல்லாத வெளி மையில் ஓடுபவை. வேலை பழக வந்தவர்கள் தடுமாறுவது எல்லாம் ஒரே இடத்தில்தான்: படம் பிசகியதும் நேரே கொம்பியூட்டரில் நிறத்தைத் திருத்தப் போய்விடுகிறார்கள்.

நானும் அதைச் செய்தவன். 31ஆம் நாள் நினைவுக்காக ஒரு அம்மா தன் கணவருடைய பழைய படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். அடித்தபோது முகம் லேசாகப் பச்சை தட்டியது. போட்டோஷொப்பில் சிவப்பைக் கூட்டிக் கூட்டி நான்கு தாள் அடித்தேன். நான்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது அவர்ட நிறமில்ல மனே" என்றார். அப்புறம்தான் நொசில் செக் அடித்தேன், மை வரும் நுண்துளைகளைச் சோதிக்கும் கோட்டுத் தாள் அது. மெஜந்தா என்ற சிவப்பு மையில் பாதிக் கோடு இல்லை. அதைச் சரிசெய்து, திருத்தாத மூலப் படத்தை அடித்தபோது முதல் தாளிலேயே அவர் முகம் வந்தது.

அன்றிலிருந்து கடையில் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். மை வருகிறதா, நிற்காமல் வருகிறதா, சரியான மை சரியான இடத்தில் வருகிறதா, தாள் அதை ஏற்கிறதா. இந்த நான்குக்கும் விடை கிடைத்த பிறகுதான் கொம்பியூட்டரில் கை வைப்போம். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

1. உங்கள் பிரிண்டரில் ஹெட் எங்கே இருக்கிறது?

ஹெட் என்பது மையைத் துளித்துளியாகத் தாளில் விழவைக்கும் பாகம். காட்ரிஜைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மினுங்கும் சின்னத் தகடும், முதுகில் செப்புப் புள்ளிகளும் இருந்தால் ஹெட் காட்ரிஜிலேயே இருக்கிறது. எச்பி, கெனன் சிறிய பிரிண்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். இவை மையைச் சூடாக்கித் துளியாகத் தெறிக்கவைப்பவை. ஓடிக்கொண்டிருக்கும் மைதான் ஹெட்டைக் குளிர்விக்கிறது. மையில்லாமல் ஓட்டினால் ஹெட் கருகும். கருகியதை எந்தக் கழுவலும் மீட்காது.

காட்ரிஜ் வெறும் பெட்டியாக, அடியில் ஒரு மைத்துளையோடு இருந்தால் ஹெட் பிரிண்டருக்குள் நிலையாக இருக்கிறது. எப்சன் இந்த வகை. மின்சாரம் பட்டால் வளையும் சிறு படிகம் மையைத் தள்ளுகிறது. சூடு இல்லாததால் கருகாது. ஆனால் உள்ளே காற்றுப் புகுந்தால் தள்ளுவதற்கு மை இருக்காது. ஹெட் பழுதானால் பிரிண்டர் விலையில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் இதில் மருந்தூசியால் நீரை அழுத்திக் கழுவும் வேலையில் மிகவும் கவனம் வேண்டும்.

கம்பனியே டேங்க் வைத்துத் தரும் எப்சன் எல் வரிசை, கெனன் ஜி வரிசை வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். காற்றுவழி பற்றிய 4ஆம் படிதான் அவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

2. கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டியவை

நிறத்துக்கு ஒன்றாக 5 மில்லி அல்லது 10 மில்லி ஊசிகள். பாமசியில் வாங்கலாம். ஒரே ஊசியைக் கழுவிக் கழுவி எல்லா நிறத்துக்கும் பாவிக்காதீர்கள். ஊசி நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு துளி நீலம் மஞ்சளைப் பச்சையாக்கப் போதும்.

பஞ்சு பிரியாத வெள்ளை டிஷு, ரப்பர் கையுறை, பழைய பேப்பர், சின்ன டோர்ச், பென்சில். இரண்டு தென்னை ஈர்க்கும் எடுத்து வையுங்கள். ஏன் என்று 7ஆம் படியில் சொல்கிறேன்.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர். வாகனக் கடைகளில் பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் தருவார்கள். பற்றறி அசிட்டும் அதே தட்டில்தான் இருக்கும், போத்தலை வாசித்து வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் நம்முடைய கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. அந்த உப்பு நொசிலுக்குள் காய்ந்தால், மை அடைத்ததை விட மோசமான அடைப்பு.

இவற்றோடு ஒரு சோதனைப் படமும் வேண்டும். 4×6 அளவில் ஒரு முகம், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை போகும் சாம்பல் பட்டை, சியான் (நீலம்), மெஜந்தா, மஞ்சள், கறுப்புக்கு ஒவ்வொரு கட்டம். பிரிண்டர் நல்ல நிலையில் இருக்கும் நாளில் இதை அடித்து, பின்பக்கத்தில் பென்சிலால் திகதியும் செட்டிங்கும் எழுதி, வெளிச்சம் படாத கவரில் வையுங்கள். பிரச்சினை வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் இருக்கும். கண் நிறத்தை நினைவில் வைத்திருக்காது.

3. நொசில் செக்: ஒன்று போதாது, மூன்று அடியுங்கள்

சாதாரண ஏ4 தாளில் நொசில் செக் அடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு இரண்டாவது, இன்னும் ஐந்து நிமிடம் விட்டு மூன்றாவது. இடையில் ஹெட் கிளீனிங் செய்ய வேண்டாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டோர்ச் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நீலக் கண்ணாடித்தாள் ஒன்றை மேலே வைத்தால் கறுப்பாகத் தெரியும்.

மூன்றிலும் ஒரே இடத்தில் கோடு விடுபட்டால் அது அடைப்பு. 6ஆம் படிக்குப் போகலாம்.

விடுபட்ட இடம் தாளுக்குத் தாள் மாறினால் அது அடைப்பு இல்லை. மை போதாமல், அல்லது காற்றுக் கலந்து வருகிறது. 4ஆம் படி.

ஒரு நிறம் முழுவதுமே இல்லையென்றால் பெரும்பாலும் மை முடிந்திருக்கும் அல்லது குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். அத்தனை நொசிலும் ஒரே இரவில் அடைபடுவது அபூர்வம்.

இந்த மூன்று தாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க முடியாமல்தான் பலர் கிளீனிங் பொத்தானை அழுத்துகிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே மாலையில் என் கடையில் நின்ற தம்பி ஒருவர், நான் வெளியே போயிருந்த நேரம் பதினொரு முறை அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கோடு குறைந்துகொண்டே போயிருக்கிறது. காரணம் அடைப்பே இல்லை, டேங்கின் காற்று மூடி மூடியிருந்தது. மை வர வழியில்லாத நேரத்தில் பம்ப் இழுத்தால் எங்காவது ஓரத்தால் காற்றைத்தான் இழுக்கும். இழுத்த மை எல்லாம் கழிவுப் பஞ்சுக்குப் போகும். அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் அதோடு நின்றுவிடும்.

4. காற்றுவழி: மாற்றியமைத்த காட்ரிஜில் பாதிப் பிழை இங்கேதான்

ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் இறங்காது. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டதும் இறங்கும். காட்ரிஜும் அப்படித்தான். உள்ளே இருந்து மை போனால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அந்தக் காற்று எந்த வழியால் வர வேண்டும் என்பது மாற்றியமைத்த முறையைப் பொறுத்தது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஊசியால் நிரப்பும் காட்ரிஜ்: காற்றுத்துளை காட்ரிஜின் மேலேயே திறந்திருக்க வேண்டும். மை ஊற்றிய துளையைச் செல்லோடேப்பால் மூடும்போது, பக்கத்தில் இருக்கும் நெளிந்த காற்றுக் கோட்டையும் சேர்த்து ஒட்டிவிடுவது வழக்கமான பிழை. ஒட்டினால் முதல் இரண்டு மூன்று படம் பளிச்சென்று வரும், பிறகு மங்கும். திரும்ப நிரப்பும் எப்சன் வகைக் காட்ரிஜில் நிரப்பும் மூடி மூடியிருக்க வேண்டும், காற்று மூடியைக் கழற்றியிருக்க வேண்டும்.

குழாய் போட்ட காட்ரிஜ்: இங்கே தலைகீழ். காற்று வெளியே இருக்கும் டேங்க் வழியாக மட்டும்தான் வர வேண்டும். காட்ரிஜின் பழைய காற்றுத்துளை, குழாய் செருகிய ரப்பரின் ஓரம் எல்லாம் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். எங்காவது கசிந்தால் காட்ரிஜ் அந்த வழியால் காற்றை இழுத்துக்கொள்ளும், டேங்கிலிருந்து மையை இழுக்காது. டேங்க் நிறைய மை இருந்தும் படம் மங்கினால் முதலில் இந்த ரப்பரைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில நேரம் கசிவு வேறு மாதிரியும் தெரியும்: ஹெட்டிலிருந்து மை தானாகச் சொட்டி, தாளில் குளமாக நிற்கும்.

டேங்கில் இரண்டு துளை இருக்கும். பெரியது மை ஊற்ற, அது மூடியிருக்க வேண்டும். சின்னது காற்றுக்கு, அதில் வெள்ளை வடிகட்டி இருக்கும். மை பட்டு அது நனைந்தால் காற்றுப் போகாது. கழற்றிக் காயவிடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

டேங்கின் உயரமும் முக்கியம். டேங்கும் பிரிண்டரும் ஒரே மேசையில், ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இடம் போதாது என்று டேங்கைப் பிரிண்டருக்கு மேலே வைத்தால் மை தன்பாட்டில் இறங்கி ஹெட் வழியாகச் சொட்டும். கதிரையில் தாழ்வாக வைத்தால் மை பின்னோக்கிப் போய்க் குழாயில் காற்று ஏறும்.

குழாயில் காற்று ஏறியிருந்தால் கண்ணுக்கே தெரியும், நிறத்துக்கு நடுவில் வெளிறிய இடைவெளி. சின்னக் குமிழ் ஒன்றிரண்டு பரவாயில்லை. விரல் நீளத்துக்கு இருந்தால் காட்ரிஜைக் கழற்றி, அடித்துளையில் ஊசியைப் பொருத்தி மெதுவாக இழுங்கள். குமிழ் வரும், நுரை வரும், அப்புறம் தனி மை வரும். தனி மை வந்ததும் நிறுத்துங்கள். இழுத்த நுரையைத் திரும்ப டேங்கில் ஊற்ற வேண்டாம். முடித்ததும் ஒரு இரவு சும்மா விடுங்கள். நுண்ணிய குமிழ்கள் தானாக மேலேறிப் போகும்.

காட்ரிஜில் ஒட்டியிருக்கும் சிப்பை நம்ப வேண்டாம். அது மையைப் பார்ப்பதில்லை, எத்தனை துளி தெறித்தது என்று எண்ணிக் கழிக்கிறது. தானாக மீளும் சிப், மை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுபடி நிறைய இருப்பதாகவே காட்டும். கெனன் காட்ரிஜில் மை முடிந்ததாகக் காட்டினால் நிறுத்தும் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தி வைத்து அந்தக் கணக்கை அணைக்கலாம். அணைத்த பிறகு எச்சரிக்க யாருமில்லை. கையில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

5. நிற்காமல் மை வருகிறதா: ஒரு நிறத்துக்கு ஒரு பக்கம்

நொசில் செக் சிக்கனமானது, அதற்கு ஒரு துளி மை போதும். முழுப்படம் அடிக்கும்போதுதான் பஞ்சம் தெரியும். அதனால் நொசில் செக் நன்றாக வந்தாலும் இந்தச் சோதனையை விட வேண்டாம்.

ஏ4 முழுவதும் தனி சியான் நிறத்தை நிரப்பி, உயர்ந்த தரத்தில் அடியுங்கள். பிறகு மெஜந்தா, மஞ்சள். தாளின் மேலே அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே போகப் போக வெளிறினால் மை தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அடித்தால் மேலே திரும்பவும் அடர்த்தியாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஐயமே வேண்டாம், 4ஆம் படிக்குத் திரும்புங்கள். நெரிந்த குழாய், மூடியிருக்கும் காற்றுத்துளை, நனைந்த வடிகட்டி, இவற்றில் ஒன்றுதான். காட்ரிஜைச் சுமந்து ஓடும் வண்டிலோடு சேர்ந்து குழாய் அசையும் இடத்தில் பாருங்கள். ஒரு மூலைக்குப் போகும்போது மட்டும் மடிந்து, திரும்பும்போது நிமிர்ந்துவிடும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தி என்றால் மை ஓட்டத்தில் குறையில்லை. இனி அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

6. உண்மையான அடைப்பை நீக்குதல்

ஹெட் கிளீனிங் இரண்டு முறை, இடையில் நொசில் செக். முன்னேற்றம் தெரிந்தால் மூன்றாவது. தெரியாவிட்டால் நிறுத்தி, ஆறு மணித்தியாலமாவது விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் புதிய மை காய்ந்த மையை ஊறவைக்கும். இரவு செய்து காலையில் பார்ப்பதுதான் என் வழக்கம்.

ஹெட் காட்ரிஜில் இருக்கும் வகைக்கு: சின்னத் தட்டில் இளஞ்சூடான வடித்த நீரை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஊற்றி, அடித்தகடு மட்டும் நனையும்படி இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். எடுத்து, நான்காக மடித்த டிஷுவில் மெல்ல ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. நிறக் காட்ரிஜ் என்றால் டிஷுவில் மூன்று பட்டை பதியும், சிவப்பு, நீலம், மஞ்சள் தனித்தனியாக. ஒரு பட்டை வெளிறியிருந்தால் அந்த நிறம்தான் சிக்கல். பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருந்தால் சுத்தமான இடத்தில் மீண்டும் மீண்டும் ஒற்றுங்கள், பிரியும்வரை. செப்புப் புள்ளிகள் முழுதாகக் காய்ந்த பிறகே பிரிண்டரில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் மின்சுற்று எரியும்.

ஹெட் நிலையாக இருக்கும் வகைக்கு: அடிக்கத் தொடங்கி வண்டில் நடுவுக்கு வந்ததும் வயரைக் கழற்றுங்கள். இனி கையால் நகர்த்தலாம். வலது மூலையில் ஹெட் வந்து உட்காரும் ரப்பர்க் கிண்ணமும் பஞ்சும் தெரியும். அதில் ஊசியால் வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கிண்ணம் நிறைந்ததும் ஹெட்டை மெல்லத் தள்ளி அதன்மேல் உட்காரவைத்து, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் ஒரே ஒரு கிளீனிங். பெரும்பாலான அடைப்பு இதிலேயே விடும். ஊசியை ஹெட்டில் பொருத்தி அழுத்தி அடிப்பதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். புதியவர்கள் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் தடுப்புகள் கிழிந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும், அதற்கு மருந்தில்லை.

7. நிறம் தட்டினால் எந்த மை என்று பாருங்கள்

கோடு எல்லாம் நிறைவாக வந்தும் முகத்தின் நிறம் ஒரு பக்கம் சாய்ந்தால், மெஜந்தா குறைந்தால் பச்சை தட்டும், சியான் குறைந்தால் சிவக்கும், மஞ்சள் குறைந்தால் நீலமாக, ஊதாவாக மாறும். ஆறு நிறப் பிரிண்டரில் இளஞ்சியானும் இளமெஜந்தாவும் தனியாக உண்டு. முகத்தின் மென்மை அவற்றில்தான் இருக்கிறது. இள நிற டேங்கில் அடர்ந்த நிறத்தை ஊற்றிவிட்டால் முகம் கறுத்து, மணல் தூவினது போலச் சொரசொரப்பாக வரும். டேங்கில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே கறுப்பாகத் தெரியும். ஒரு துளியை டிஷுவில் விட்டால் உடனே வித்தியாசம் புரியும்.

மூன்று நிறமும் ஒரே காட்ரிஜில் இருந்தால் எந்தத் துளை எந்த நிறம் என்று மாடலுக்கு மாடல் மாறும். யாரோ போட்ட படத்தை நம்பாதீர்கள். ஈர்க்கை ஒவ்வொரு துளையிலும் மெல்ல விட்டு எடுத்து டிஷுவில் ஒற்றுங்கள். வந்த நிறத்தைத் துளைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். துளைக்கொரு ஈர்க்கு முனை. ஒரு ஈர்க்கை இரண்டாக முறித்தால் நான்கு முனை கிடைக்கும். நிரப்புவது ஒரு நிறத்துக்கு 2 மில்லியளவு, மிக மெதுவாக. துளை வாயில் மை தெரிந்ததும் நிறுத்தி ஒரு சொட்டுத் திரும்ப இழுங்கள். வழிந்தால் பக்கத்து அறைக்குள் போய்விடும். கலந்துவிட்டால் கலந்த அறையின் மையை ஊசியால் இழுத்து எடுத்து, புதிதாக ஊற்றி, டிஷுவில் தூய நிறம் வரும்வரை ஒற்ற வேண்டும்.

மையில் இரண்டு சாதி உண்டு. தண்ணீரில் கரைந்து நிற்கும் சாய மை, நுண்துகளாக மிதக்கும் பிக்மென்ட் மை. இரண்டையும் ஒரே டேங்கில் கலந்தால் கட்டிபட்டு ஹெட்டை அடைக்கும். பளபளப்பான போட்டோத் தாளுக்குச் சாய மைதான் பொருத்தம். மலிவான பளபளப்புத் தாளில் பிக்மென்ட் அடித்தால் துகள் மேலே நின்று, விரலால் தேய்க்கக் கையோடு வரும். கறுத்த இடங்கள் சாய்த்துப் பார்க்கும்போது செம்பு போல மினுங்கும். வேறு கம்பனி மைக்கு மாறினாலும் பழையதை முழுக்க எடுத்துவிட்டே ஊற்றுங்கள்.

8. தாளும், தாளைப் பற்றிப் பிரிண்டருக்குச் சொல்வதும்

தாளின் எந்தப் பக்கம் மை ஏற்கும் என்று தெரியாவிட்டால் விரலை லேசாக நனைத்து மூலையில் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான்.

அடுத்தது செட்டிங். போட்டோத் தாளைப் போட்டுவிட்டு, செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. அதனால் மை அளவு மட்டுமா மாறுகிறது? கெனன் ஜி வரிசை போன்ற நான்கு நிறப் பிரிண்டர்களில் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் சாயம். போட்டோத் தாள் என்று சொன்னால் பிரிண்டர் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பை உருவாக்கும். சாதாரணத் தாள் என்று சொன்னால் பிக்மென்ட் கறுப்பைப் பளபளப்புத் தாளில் கொட்டும். தலைமயிரும் கண்ணும் காயாமல் இழுபடுவது அதனால்தான்.

மை குளம் போலத் திட்டுத் திட்டாக நின்றால், தாள் ஏற்பதைவிட அதிகமாக மை விழுகிறது. செட்டிங்கில் தாள் வகையில் ஒரு படி குறைவானதைத் தெரிவுசெய்து சோதனைப் படத்தை அடித்துப் பாருங்கள். எந்தத் தாளுக்கு எந்தச் செட்டிங் என்று ஒரு முறை கண்டுபிடித்தால், தாள் பக்கற்றின் மேலேயே எழுதி வையுங்கள்.

மாரி காலத்தில் தாள் ஈரம் குடித்து ஓரம் சுருளும். சுருண்ட ஓரத்தில் ஹெட் உரசி மை தீற்றும். திறந்த பக்கற்றைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில், சிலிக்கா ஜெல் போட்டு, படுக்கையாக வையுங்கள். தேவையான அளவு மட்டும் தட்டில் வைத்து, இரவில் மிச்சத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

9. கோடுகளும் இரட்டைத் தோற்றமும்

நொசில் செக் நிறைவாக இருந்தும் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு சம இடைவெளியில் வந்தால், தாள் நகரும் அளவு பிசகியிருக்கிறது. தாள் உருட்டும் ரப்பர்களைத் துடைத்துவிட்டு, துளிகள் சரியான இடத்தில் விழும்படி ஒழுங்குபடுத்தும் ஹெட் அலைன்மென்ட் செய்யுங்கள். எழுத்தும் விளிம்பும் பக்கவாட்டில் இரட்டையாகத் தெரிந்தால் வேக அச்சை அணைத்துப் பாருங்கள். அப்போது ஹெட் ஒரு திசையில் மட்டும் அடிக்கும், நேரம் கூடும், விளிம்பு கூர்மையாகும். அலைன்மென்ட் எப்போதும் அடைப்பு நீங்கிய பிறகுதான். நொசில் விடுபட்ட நிலையில் செய்தால் பிரிண்டர் தவறான அளவை மனதில் எடுத்துக்கொள்ளும்.

10. இப்போது கொம்பியூட்டர்

முதலில் படத்தையே பாருங்கள். 4×6 அங்குலத்துக்கு 1200 × 1800 பிக்செல் இருந்தால் நன்றாக வரும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். வாடிக்கையாளரிடம் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பூப்புனித நீராட்டு விழா அல்பத்துக்கு நாற்பது படம் வட்ஸ்அப்பில் வந்து, அத்தனையும் மங்கலாக இருந்ததற்குப் பிரிண்டரைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு.

நிறத்தை யார் கவனிப்பது என்று ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். போட்டோஷொப் கவனிக்கிறது என்றால் பிரிண்டர் செட்டிங்கில் நிறத்திருத்தத்தை அணைக்க வேண்டும். பிரிண்டர் கவனிக்கிறது என்றால் போட்டோஷொப் கை வைக்கக் கூடாது. இருவரும் சேர்ந்து திருத்தினால் முகம் சிவந்து ஊதிவிடும். மைக்கென்று செய்த ஐசிசி கோப்பு (அந்த மையில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கிடைத்தால் போட்டோஷொப்பிடம் விடுங்கள். கிடைக்காவிட்டால் பிரிண்டரிடம் விட்டு, படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில் வைத்திருப்பதுதான் பத்திரம்.

வெளி மைக்கு ஒரு சாய்வு எப்போதும் இருக்கும். அதைச் சோதனைப் படத்தின் சாம்பல் பட்டையில் பாருங்கள், முகத்தில் அல்ல. முகம் எந்த நிறமும் இருக்கலாம், சாம்பல் சாம்பலாகத்தான் இருக்க வேண்டும். பட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த நிறத்தைப் பிரிண்டர் செட்டிங்கில் சிறிது குறைத்து, மறுபடி அடித்து, பின்பக்கத்தில் எழுதுங்கள். அடித்த உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாய மை காயக் காய நிறம் கொஞ்சம் மாறும். ஒரு மணித்தியாலம் விட்டு, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் எரியும் வெள்ளை பல்ப் நிறத்தைப் பொய் சொல்லும்.

11. கச்சான், மாரி, கரண்ட்

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் துணி அரை நாளில் காய்வது போல நொசிலும் காயும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் கடை இரண்டு மூன்று நாள் பூட்டியிருக்கும். திறந்ததும் பாதி நொசில் இருக்காது. அந்தக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது, எல்லா நிறமும் உள்ள ஒரு சின்னப் படத்தை அடியுங்கள். கிளீனிங்கைவிட இதற்கு மை குறைவு. காற்று நேரே படும் யன்னலோரத்தில் பிரிண்டர் வேண்டாம். கடற்கரைப் பக்கம் என்றால் மணல் தூசி மைப் பாதையில் படியும், இரவில் துணியால் மூடுங்கள்.

பிரிண்டரை எப்போதும் அதன் பொத்தானால் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் ரப்பர்க் கிண்ணத்தில் போய் மூடிக்கொண்டு உட்காரும். சுவர்ச் சுவிட்சை நேரே அணைத்தால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்தபடி நிற்கும். 2022இல் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் பழுதுபார்க்க வந்த பிரிண்டர்களில் பல இப்படி நடுவழியில் நின்றவை. அடிக்கும்போது கரண்ட் போனால் வயரைக் கழற்றிவிட்டு, வண்டிலைக் கையால் மெல்ல வலது மூலைக்குத் தள்ளிவிடுங்கள். அசையாவிட்டால் பலவந்தம் வேண்டாம், ஈரமான டிஷு ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள்.

குழாய் போட்ட பிரிண்டரை ஆட்டோவில் ஏற்ற வேண்டிவந்தால் காற்றுத்துளைகளை மூடி, குழாயைக் கிளிப்பால் நெரித்து, டேங்கை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு போங்கள். போய்ச் சேர்ந்ததும் கிளிப்பை எடுப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். காற்று மூடியைத் திறக்கத்தான் மறப்பார்கள். மூடியதை எழுதி பிரிண்டரின் நெற்றியில் ஒட்டிவிடுங்கள்.

மாரியில் அடித்த படத்தை உடனே லமினேட் செய்யாதீர்கள், கண்ணாடிச் சட்டத்திலும் போடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெண்புகை போலப் படரும். தாள் தாளாகப் பரப்பி, மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, ஒரு நாள் விடுங்கள். அவசரம் என்று நிற்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: படம் இன்று, சட்டம் நாளைக்கு.